அமெரிக்காவில் கேபிள் டிவி பில்: டவுன் ஹால் எதைத் தட்டிக் கேட்கும், எதைக் கேட்காது

போனில் சொன்ன விலை 80 டாலர். முதல் மாத பில்லில் டிவிக்கு மட்டும் 121 டாலர் 5 சென்ட். அமெரிக்காவில் புதிதாகக் குடியேறி கேபிள் இணைப்பு வாங்கிய வீடுகளில் இது வழக்கமான அதிர்ச்சி. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டால், “டவுன் ஹாலில் போய்க் கேளுங்கள், கேபிள் கம்பெனிக்கு அனுமதி கொடுத்ததே அவர்கள்தான்” என்பார். அவர் சொல்வது பாதி சரி. அனுமதி கொடுத்தது பெரும்பாலும் ஊராட்சிதான். ஆனால் விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் அதன் கையில் மிகக் கொஞ்சம்தான் இருந்தது, இன்று பெரும்பாலான ஊர்களில் அதுவும் இல்லை. அதற்காகச் சும்மா இருந்துவிட வேண்டியதில்லை. எந்தக் கேள்வியை எந்த வாசலில் கேட்பது என்று தெரிந்துகொண்டால் காசும் மிஞ்சும், அலைச்சலும் குறையும்.

சட்டத்தின் கதை

தெருவில் கம்பி இழுக்க ஊரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி ஒப்பந்தத்துக்குப் பெயர் பிரான்சைஸ். தொடக்க காலத்தில் பல நகரங்கள் அனுமதி கொடுக்கும்போதே விலையையும் பேசி முடித்துக்கொண்டன. 1984ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் அதை மாற்றியது. 1986 டிசம்பர் இறுதியிலிருந்து பெரும்பாலான ஊர்களில் விலைக் கட்டுப்பாடு நீங்கியது, கட்டணங்கள் ஏறின. மக்களின் கோபம் வாஷிங்டன் வரை போனது. 1992இல் காங்கிரஸ் புதிய சட்டம் கொண்டுவந்தது. அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் அதைத் தம் வீட்டோ அதிகாரத்தால் நிறுத்தினார். அக்டோபர் 5 அன்று இரு அவைகளும் அந்தத் தடையை முறியடித்து அதைச் சட்டமாக்கின. அவருடைய ஆட்சிக் காலத்தில் முறியடிக்கப்பட்ட ஒரே வீட்டோ அதுதான். கேபிள் பில் அன்றைக்கு எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

அந்தச் சட்டம் வேலையை இரண்டாகப் பிரித்தது. ஒளிபரப்பு நிலையங்களும் ஊர்ப் பொதுச் சேனல்களும் அடங்கிய அடித்தட்டுத் தொகுப்பு, அதாவது ‘பேசிக்’, உள்ளூர் ஆட்சியின் பொறுப்புக்கு வந்தது. அதைப் பார்க்கத் தேவையான பாக்ஸ், ரிமோட், இணைப்புக் கூலி ஆகியவையும் அதோடு சேர்ந்தவை. அதற்கு மேலுள்ள தொகுப்புகளை மத்திய தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி பார்த்துக்கொண்டது. அந்த இரண்டாம் பகுதி 1999 மார்ச் 31ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எனவே விளையாட்டுச் சேனல், செய்திச் சேனல், சினிமாச் சேனல் உள்ள தொகுப்பின் விலையை இன்று எந்த அரசும் நிர்ணயிப்பதில்லை. இன்டர்நெட் கட்டணம் எப்போதுமே இந்த ஏற்பாட்டுக்குள் வந்ததில்லை. டிஷ் ஆன்டெனாச் சேவைகளும் ஸ்ட்ரீமிங்கும் வராது. டவுன் ஹாலில் அவற்றைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொள்வார்கள், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

முதல் படி: பில்லைப் பிரித்துப் படியுங்கள்

மேலே சொன்ன 121 டாலரையே எடுத்துக்கொள்வோம். டிவித் தொகுப்பு 80. ‘பிராட்காஸ்ட் டிவி ஃபீ’ 25. பாக்ஸ் வாடகை 10. ‘பிரான்சைஸ் ஃபீ’ 6.05.

இந்த நான்கில் ஊருக்குப் போவது கடைசித் தொகை மட்டும்தான். ‘பிராட்காஸ்ட் டிவி ஃபீ’ என்ற பெயரைப் பார்த்து அரசு வரி என்று நினைப்பவர்கள் ஏராளம். அது வரி அல்ல. உள்ளூர் ஒளிபரப்பு நிலையங்களின் சிக்னலைக் காட்ட கேபிள் கம்பெனி அந்த நிலையங்களுக்குக் கொடுக்கும் பணத்தைத் தனித் தொகையாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். ‘ரீஜனல் ஸ்போர்ட்ஸ் ஃபீ’ என்பதும் அதே வகை. இவற்றைத் தனியே ஒதுக்கிவிட்டு 80 டாலர் என்று விளம்பரம் செய்வது நியாயமில்லை என்பதால், 2024இல் எஃப்சிசி ஒரு விதி கொண்டுவந்தது: நிகழ்ச்சிகளுக்கான மொத்த விலையை விளம்பரத்திலும் பில்லிலும் ஒரே தொகையாகக் காட்ட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அந்தத் தொகை 105. பாக்ஸ் வாடகையும் அரசுக் கட்டணங்களும் அதற்கு மேல்.

இப்போது பிரான்சைஸ் கட்டணத்தைச் சரிபாருங்கள். கேபிள் சேவை வருமானத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் ஊர் வாங்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். 80, 25, 10 கூட்டினால் 115. அதில் 5 விழுக்காடு 5.75தானே, 6.05 எப்படி வந்தது? உங்களிடம் வசூலிக்கும் கட்டணமும் கம்பெனியின் வருமானத்தில் சேர்வதால், கணக்கு 115 பெருக்கல் 5 வகுத்தல் 95 என்று போகிறது. விடை 6.05. ஆகவே 5.26 விழுக்காடு வரை இருந்தால் அது தவறல்ல.

தவறு எங்கே வரும் என்றால், இன்டர்நெட்டும் சேர்ந்த பில்லில். உங்கள் இன்டர்நெட் 70 டாலர் என்று வையுங்கள். பிரான்சைஸ் கட்டணம் 6.05க்குப் பதில் 9.74 என்று இருந்தால், 185 டாலருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். இந்தச் சட்டப்படி இன்டர்நெட் கேபிள் சேவை அல்ல, அதன் மேல் இந்தக் கட்டணம் விழக் கூடாது. சலுகை விலையில் மூட்டையாக விற்கும்போது டிவிக்கு எவ்வளவு, இன்டர்நெட்டுக்கு எவ்வளவு என்று கம்பெனி பிரிக்கும் விதத்தைப் பொறுத்து இந்தத் தொகை கூடும், குறையும். அந்தப் பிரிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்களைப் பில்லில் பாருங்கள். நீங்கள் பெயர் சொல்லிக் கேட்காத சேனலுக்கோ கருவிக்கோ பணம் போட்டிருந்தால் அது சட்டவிரோதம். “வேண்டாம் என்று சொல்லவில்லையே” என்ற பதில் செல்லாது. நீங்களே கடையில் வாங்கிய மோடத்துக்கு வாடகை போட்டிருந்தால் அதுவும் அப்படித்தான். அதைத் தடுப்பது 2019 டிசம்பரில் வந்த பார்வையாளர் பாதுகாப்புச் சட்டம். அதே சட்டப்படி, டிவிச் சேவை விற்கும்போது எல்லாக் கட்டணமும் சேர்ந்த மாதத் தொகையைச் சொல்லியாக வேண்டும். அந்த விவரம் எழுத்தில் கிடைத்தபின் 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம். போனில் பேசி முடித்தவுடன் மின்னஞ்சலைத் திறந்து அந்தத் தாளைப் படிப்பதுதான் இந்த வழிகாட்டியிலேயே அதிகப் பணம் மிச்சப்படுத்தும் வேலை. சலுகை எந்த மாதம் முடிகிறது என்பதும் அதிலேயே இருக்கும்.

இரண்டாம் படி: உங்கள் ஊருக்கு அனுமதி கொடுத்தது யார்?

எல்லா மாநிலத்திலும் டவுன் ஹால் என்று நினைக்காதீர்கள். 2005இல் டெக்சஸ் மாநிலமே அனுமதி கொடுக்கும் முறையைத் தொடங்கியது. 2006இல் கலிஃபோர்னியாவும் அப்படி மாறியது. அங்கே பொதுப் பயன்பாட்டு ஆணையம் அனுமதி வழங்குகிறது. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் நியூ ஜெர்சியில் ஊரின் ஒப்புதல் என்று ஒன்று உண்டு. ஆனால் கேபிள் புகார்களுக்கு உரிய இடம் மாநிலப் பொதுப் பயன்பாட்டு வாரியத்தின் கேபிள் பிரிவு. நியூ யார்க்கில் ஊர் கொடுக்கும் அனுமதியை மாநில ஆணையம் உறுதி செய்ய வேண்டும். மாசசூசெட்ஸில் அனுமதி கொடுப்பது ஊர், கட்டணத்தைப் பார்ப்பது மாநிலத் துறை.

பில்லின் அடியிலோ பின்பக்கத்திலோ பொடி எழுத்தில் அனுமதி அமைப்பின் பெயரும் முகவரியும் பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் ஊரின் ஆவணங்களை வைத்திருக்கும் டவுன் கிளார்க் அலுவலகத்தில் “எங்கள் கேபிள் பிரான்சைஸ் ஒப்பந்தத்தின் நகல் வேண்டும்” என்று கேளுங்கள். அது பொது ஆவணம். வாங்கியதும் பாருங்கள்: எந்தத் தேதியில் முடிகிறது, கட்டணம் எத்தனை விழுக்காடு, வாடிக்கையாளர் சேவை பற்றி என்ன எழுதியிருக்கிறது.

மூன்றாம் படி: விலையைத் தொட ஊருக்கு அதிகாரம் இருக்கிறதா?

இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ‘போதுமான போட்டி’ இருக்கும் ஊரில் உள்ளூர் ஆட்சி அடித்தட்டுத் தொகுப்பின் விலையைக்கூடக் கட்டுப்படுத்த முடியாது. போட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சட்டத்தில் நான்கு சோதனைகள் உண்டு. நான்கில் ஒன்று பொருந்தினாலே அதிகாரம் போய்விடும்.

ஊரின் குடும்பங்களில் 30 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே அந்த கேபிளை வாங்குகிறார்கள் என்பது ஒரு சோதனை. ஊராட்சியே கேபிள் நடத்தி குறைந்தது பாதிக் குடும்பங்களுக்கு அதை அளிக்கிறது என்பது இன்னொன்று. நடைமுறையில் அதிகம் பயன்பட்டது போட்டியாளர் சோதனை: ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு நிறுவனங்களாவது ஊரில் குறைந்தது 50 விழுக்காடு குடும்பங்களுக்கு ஒத்த சேவையை அளிக்க முடிய வேண்டும், மிகப் பெரிய நிறுவனத்தைத் தவிர்த்த மற்றவற்றை வாங்கும் குடும்பங்கள் 15 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். டிஷ் ஆன்டெனாச் சேவைகள் நாடு முழுக்கக் கிடைப்பதால் முதல் பாதி எங்கும் எளிதாக நிறைவேறும். எல்லாம் அந்த 15இல் போய் நிற்கும். 12,000 குடும்பங்கள் உள்ள ஊரில் அந்த எல்லை 1,800. போட்டிச் சேவைகளை வாங்குவோர் 1,750 பேர் என்றால் 14.6 விழுக்காடு, இந்தச் சோதனையில் ஊர் பிழைத்தது. 1,850 என்றால் அதிகாரம் இல்லை. ஐம்பது வீடுகளில் முடிவு மாறுவதால், ஊரின் எல்லைக்கு வெளியே உள்ள அஞ்சல் குறியீட்டு வீடுகளையும் சேர்த்து எண்ணுவதுதான் ஊர்கள் செய்யும் பெரிய பிழை. அஞ்சல் குறியீடும் ஊர் எல்லையும் ஒன்றல்ல. மக்கள்தொகைக் கணக்கில் ‘குடியிருக்கும் வீடுகள்’ என்ற எண்ணை எடுக்க வேண்டும், பூட்டிக் கிடக்கும் வீடுகளைச் சேர்க்கக் கூடாது.

நான்காவது, 1996இல் சேர்க்கப்பட்ட தொலைபேசி நிறுவனச் சோதனை. உள்ளூர்த் தொலைபேசிச் சேவை நடத்தும் நிறுவனமோ அதன் துணை நிறுவனமோ ஊரில் ஒத்த டிவிச் சேவை அளித்தால் போதும், எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்ற கணக்கே இதில் கிடையாது. 2019 அக்டோபரில் இதை வைத்துத்தான் மாசசூசெட்ஸின் 32 ஊர்களிலும் ஹவாயின் கவாய் தீவிலும் சார்ட்டர் என்ற கேபிள் நிறுவனத்துக்கு விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு கிடைத்தது. அங்கே போட்டி என்று எஃப்சிசி ஏற்றது ஏடி அண்ட் டி நிறுவனம் இணையம் வழியாக விற்ற ஸ்ட்ரீமிங் சேவையை. மாசசூசெட்ஸ் மாநிலத் துறை நீதிமன்றம் போனது, 2020 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் எஃப்சிசி பக்கமே நின்றது. அடித்தட்டுத் தொகுப்பை மட்டும் வாங்கி உள்ளூர்ச் செய்தி பார்க்கும் முதியவருக்கு, இணைய இணைப்பு இருந்தால் மட்டுமே ஓடும் ஒரு சேவை எப்படி மாற்றாகும் என்ற கேள்வி இன்னும் கனமாகவே நிற்கிறது.

இதற்கும் முன்பே, 2015இல் எஃப்சிசி நிரூபிக்கும் சுமையை இடம் மாற்றிவிட்டது. அதுவரை போட்டி இருப்பதைக் கம்பெனி நிரூபிக்க வேண்டும். அதன்பின் எல்லா ஊரிலும் போட்டி இருப்பதாகவே கொள்ளப்படும். இல்லை என்று ஊர்தான் நிரூபிக்க வேண்டும். விலையைக் கட்டுப்படுத்த எஃப்சிசியிடம் முன்பே சான்று வாங்கியிருந்த ஊர்களிலும், அந்த ஆண்டு டிசம்பர் 8க்குள் மறுபடி விண்ணப்பிக்கத் தவறியவை அதிகாரத்தை இழந்தன. எனவே கிளார்க் அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “2015இலோ அதற்குப் பிறகோ எஃப்சிசியின் 328ஆம் எண் படிவத்தில் சான்று பெற்றிருக்கிறோமா?” இல்லை என்றால் அடுத்த படியை விட்டுவிட்டு ஐந்தாம் படிக்குப் போய்விடலாம்.

நான்காம் படி: அதிகாரம் இருந்தால் அது எப்படி நடக்கும்

இது ஊரின் கேபிள் குழுவில் சேர்ந்திருப்பவர்களுக்கு. போட்டி இல்லை என்பதற்கான ஆதாரத்தோடு 328ஆம் படிவத்தை எஃப்சிசியிடம் கொடுக்க வேண்டும். சந்தாதாரர் எண்ணிக்கையை எழுதிக் கேட்டால் போட்டி நிறுவனங்கள் 15 நாளில் பதில் தர வேண்டும். மறுப்பு வராவிட்டால் 30ஆம் நாளில் சான்று நடைமுறைக்கு வரும். அதிலிருந்து 120 நாட்களுக்குள் எஃப்சிசி விதிகளுக்கு இசைந்த உள்ளூர் விதிகளைக் கவுன்சில் நிறைவேற்ற வேண்டும். மக்கள் கருத்துச் சொல்ல வழி வைப்பதும் அதில் அடக்கம். பிறகு கம்பெனிக்குக் கடிதம். 30 நாளில் அது தன் கட்டணக் கணக்கைத் தர வேண்டும்.

ஆண்டுக் கணக்கு வருவது 1240ஆம் படிவத்தில், புதிய விலை தொடங்குவதற்குக் குறைந்தது 90 நாள் முன்பு. படிவங்கள் அவ்வப்போது திருத்தப்படுவதால், அலமாரியில் கிடக்கும் பழைய நகலை வைத்துச் சரிபார்க்காமல் எஃப்சிசி தளத்தில் இருப்பதை எடுங்கள்.

1240இல் கண் வைக்க வேண்டிய இடம் சென்ற ஆண்டுக் கணக்கை நேர் செய்யும் பகுதி. கம்பெனி ஒரு சந்தாதாரருக்கு மாதம் 6 டாலர் ஒளிபரப்பு நிலையங்களுக்குக் கொடுப்போம் என்று மதிப்பிட்டு விலை வைத்தது, உண்மையில் 5.40தான் ஆனது என்று வையுங்கள். மாதம் 60 சென்ட், ஆண்டுக்கு 7.20 டாலர் கூடுதலாக வந்திருக்கிறது. அது 11.25 விழுக்காடு வட்டியோடு அடுத்த ஆண்டு விலையில் கழிய வேண்டும். கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டலாக வந்திருந்தால் விலை இரட்டிப்பாகத் தவறும். சென்ற ஆண்டுப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் முடிவு எண்ணும் இந்த ஆண்டின் தொடக்க எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது அரை மணி நேர வேலை. பெரும்பாலான பிழைகள் அங்கேயே அகப்படும்.

இந்தப் படிவத்தில் கிடைப்பது அனுமதிக்கப்பட்ட உச்ச விலை. கம்பெனி அதற்குக் குறைவாகவே வசூலித்துக்கொண்டிருக்கலாம். உச்சம் 24 டாலர், வசூல் 21 என்றால், நீங்கள் பாடுபட்டு உச்சத்தை 22 ஆக்கினாலும் இந்த மாத பில் மாறாது. ஆனாலும் செய்ய வேண்டும், ஏனென்றால் அடுத்த ஆண்டு ஏற்றத்துக்கு அதுவே தடுப்பு.

முடிவு எழுத்தில் இருக்க வேண்டும், காரணங்களோடு. “விலை அதிகமாக இருக்கிறது” என்பது காரணமாகாது. எந்த வரியில் எந்த எண் ஏன் தவறு என்று சொல்ல வேண்டும். 90 நாளில் ஊர் முடிவெடுக்காவிட்டால் கம்பெனி புதிய விலையைத் தொடங்கிவிடலாம். படிவம் வந்து 12 மாதம் கடந்தபின் “முடிவு தரப் போகிறீர்களா?” என்று கம்பெனி கேட்டு, 15 நாளில் ஊர் பதில் சொல்லாவிட்டால், அந்த ஆண்டுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் போகும். முடிவை எதிர்த்து 30 நாளில் எஃப்சிசியிடம் மேல்முறையீடு செய்யலாம்.

ஐந்தாம் படி: விலை அதிகாரம் இல்லாத ஊரில்

விலையைத் தொட முடியாத ஊரும் சேவையைத் தட்டிக் கேட்கலாம். எஃப்சிசியின் வாடிக்கையாளர் சேவைத் தரங்களை, கம்பெனிக்கு 90 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, எந்த அனுமதி அமைப்பும் அமல்படுத்தலாம். எண்கள் தெளிவானவை: சாதாரண நாட்களில் போனை 30 வினாடிக்குள் எடுக்க வேண்டும், காலாண்டுக்கு 90 விழுக்காடு அழைப்புகளில். இருக்கும் கம்பியிலிருந்து 125 அடிக்குள் உள்ள வீட்டுக்கு 7 வேலை நாட்களில் இணைப்பு. சேவை நின்றால் 24 மணி நேரத்துக்குள் பழுது பார்க்கத் தொடங்க வேண்டும். ஆள் வரும் நேரம் என்று கொடுக்கும் இடைவெளி 4 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ‘காலை எட்டு முதல் மாலை ஐந்துக்குள் வருவார்’ என்று சொல்லி ஒரு நாள் சம்பளத்தை இழக்கச் செய்தால், தேதியையும் சொன்ன நேரத்தையும் குறித்து டவுன் ஹாலுக்கு எழுதுங்கள்.

புகாரை இப்படி எழுதுவது பயன் தரும்: கணக்கு எண், பில் தேதி, பில்லில் தவறு உள்ள இடம், இருக்க வேண்டிய தொகை, கம்பெனியை அழைத்த நாளும் அவர்கள் கொடுத்த புகார் எண்ணும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதலில் கம்பெனி, பிறகு அனுமதி அமைப்பு. அங்கும் நகரவில்லை என்றால் எஃப்சிசி இணையதளத்தில் கட்டணமில்லாப் புகார். அதைக் கம்பெனிக்கு அனுப்புவார்கள், அது 30 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். போனில் பல முறை கேட்டும் கிடைக்காத பணம் இந்த வழியில் திரும்பி வருவதுண்டு. போனை எடுப்பவருக்கு இல்லாத அதிகாரம், இந்தப் புகார்களைக் கையாளும் பிரிவுக்கு இருப்பதுதான் காரணம்.

ஊருக்கு உண்மையான பலம் வரும் காலம் ஒப்பந்தப் புதுப்பிப்பு. ஒப்பந்தம் முடிவதற்கு 36 முதல் 30 மாதம் முன்பு முறைப்படியான புதுப்பிப்பு நடைமுறையைத் தொடங்கும் வாய்ப்பு திறக்கும். கம்பெனி பழைய ஒப்பந்தப்படி நடந்ததா, புகார்களுக்கும் பில் தவறுகளுக்கும் எப்படிப் பதில் சொன்னது என்பதெல்லாம் அப்போது எடைபோடப்படும். டவுன் ஹால் அலமாரியில் உங்கள் கடிதமும் உங்கள் தெருக்காரர்களின் கடிதங்களும் தேதியோடு இருந்தால்தான் அவை எடைக்கு வரும். விசாரணை நாளில் வாயால் சொல்லும் குறைக்கு அந்தப் பலம் கிடையாது. ஒப்பந்தம் 2029 ஜூன் 30இல் முடிகிறது என்றால், அந்த வாய்ப்பு திறப்பது 2026 ஜூன் இறுதி. கிளார்க்கிடம் வாங்கிய நகலின் முதல் பக்கத்தில் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.